பெயர் வெட்டிய வாளி

சங்கரன்கோவில் கஞ்சித்தொட்டியில் வரிசை நகர்கிறது. கீற்றுக் கொட்டகையின் ஓட்டை வழியே விழும் உச்சிவெயில் பெண்களின் மண்சட்டிகளில் பொட்டுப் பொட்டாகக் கிடக்கிறது. வெள்ளத்தாயின் கையில் மட்டும் பித்தளைத் தூக்குவாளி. மழை பொய்த்துக் கரிசல் வெடித்த பிறகு வீட்டில் விற்காமல் மிஞ்சியது அது ஒன்றுதான். கல்யாணச் சீர், அதில் அவள் ஊரும் பெயரும் வெட்டியிருக்கிறது. அந்த எழுத்து யார் கண்ணிலும் படாதபடி வாளியை வயிற்றோடு அணைத்து, முந்தானையை முகத்துக்கு இழுத்துவிட்டிருக்கிறாள். அகப்பைக்காரன் முன்னால் வந்துவிட்டாள். தர்மக் கஞ்சியை மேற்பார்வை பார்க்கும் நாறும்பூநாதன் பக்கத்தில் வந்து குனிகிறான். "காடுகரை உள்ள சம்சாரி வீட்டுப் பொம்பள இந்தக் கூட்டத்துல எதுக்கு நிக்கணும்? உக்கிராணத்துக்குள்ள வா, அரிசியாவே தாரேன். ஒருத்தருக்கும் தெரியாது." பதிலுக்குக் காத்திராமல் வாளியைப் பிடுங்கிக்கொண்டு கொட்டகையை ஒட்டிய இருட்டுச் சரக்கறைக்குள் போகிறான். பின்னால் நிற்பவள் முணுமுணுக்கிறாள்: "போயிராத தாயி. போன வாரம் ஒருத்தி உள்ள போனா, கதவைச் சாத்திட்டான்." திரும்பிப் போகலாமென்றால் பெயர் அவன் கையில் கிடக்கிறது, அதைக் காட்டி அவன் என்ன கதை கட்டினாலும் ஊர் நம்பும். வீட்டில் பிள்ளைகள் பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்திருக்கின்றன. வெள்ளத்தாய் முந்தானையை இறக்குகிறாள். "குருவிகுளத்து வெள்ளத்தாயி வாளி அது! கஞ்சிக்குத்தான் வந்திருக்கேன். இங்கன கொண்டாரும், அண்ணாச்சி!" அகப்பை அந்தரத்தில் நிற்கிறது. வரிசை முழுக்க எட்டிப் பார்க்கிறது. அதில் அவள் காட்டில் கூலிக்குக் களை வெட்டிய முகங்களும் இருக்கின்றன. உள்ளே பித்தளை தரையில் இடிக்கும் சத்தம். அவன் வெளியே வரக் காணோம். பின்னால் சட்டிகள் நெருக்குகின்றன. வெறுங்கை இரண்டையும் நீட்டியபடி, யாருக்கும் வழிவிடாமல் அவள் நிற்கிறாள்.