திங்கட்கிழமை பார்க்கிறேன்

“அந்த சாஃப்ட்வேர்காரனுக்கு நல்லா உறைக்கிற மாதிரி எழுதும்மா.” அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி சொன்னார் மேனேஜர் துரைக்கண்ணு.

எழுதினாள்.

பார்சல் சீட்டில் முகவரியின் கடைசி வரி அச்சாகவில்லை. காலையிலிருந்து நாற்பது பார்சல்கள் ஊர் பெயர் இல்லாமல் கிடக்கின்றன. உடனே சரிசெய்யவும்.

“பொறுப்பில்லாத ஆளுன்னு ஒரு வரி சேரு.”

சேர்த்தாள்.

“அவன் சரி பண்ற வரைக்கும் உனக்கு லீவு கிடையாது. நாளைக்கு ஊருக்குப் போகணும்னா அவனைக் கெஞ்சிக்கோ.”

அனுப்பினாள்.

கைப்பைக்குள் அவள் போன் அதிர்ந்தது.

தமிழை அச்சடித்துத் தரும் அந்தச் சின்ன மென்பொருள் இலவசம். யாரும் எடுத்துக்கொள்ளலாம். யாரும் திருத்தி அனுப்பலாம். புகாரும் பதிலும் எல்லோரும் பார்க்கும் பொதுப் பக்கத்தில் வரும். ஆறு வருஷமாக வீட்டில் உட்கார்ந்து அதைக் கவனித்துக்கொள்வது அவள்தான். அங்கே அவள் பெயர் மைனா.

ஆபீசில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அதுவும் ஆபீஸ் வேலையாகிவிடும்.

இது எப்படியும் இரண்டு நாள் வேலை.

டீ நேரத்தில் மாடிப்படியில் நின்று பதில் எழுதினாள்.

‘நாளை முதல் லீவு. திங்கட்கிழமை பார்க்கிறேன். மைனா.’

துரைக்கண்ணு அவள் கணினியில் குனிந்து, இரண்டு தடவை படித்தார்.

“பாரேன், ஓசில குடுக்கறவனுக்கு லீவாம்ல!”

நிமிர்ந்தார்.

“சரி, ஊர் பேரைப் பேனாவுல எழுதச் சொல்றேன். அவனே இல்லாம நீ மட்டும் இங்க உக்காந்து என்ன பண்ணப் போற? போயிட்டு வா.”

எதற்கு லீவு என்று கேட்கவில்லை.

மறுநாள், ஊருக்குப் போகும் பஸ் விராலிமலையைத் தாண்டும்போது போன் மறுபடி அதிர்ந்தது. புகாருக்குக் கீழே இன்னொரு பதில். மட்டக்களப்பிலிருந்து துஷ்யந்தன். எப்போதாவது திருத்தம் அனுப்புகிறவர். முகம் தெரியாது.

‘இதை நான் பார்க்கிறன், யோசிக்காதீங்க. ஆறு வருசத்தில இப்பதான் லீவு எண்டு போட்டிருக்கிறீங்க. வீட்டில எல்லாரும் சுகம்தானே?’

பக்கத்து சீட்டு அம்மா ஜன்னலைச் சாத்தச் சொன்னார். சாத்தினாள்.

‘அம்மாவுக்கு நாளைக்குக் காலைல ஆபரேஷன்’ என்று எழுதினாள். கீழே வழக்கம்போல மைனா என்று போட்டாள். அதை அழித்துவிட்டு, செண்பகவல்லி என்று எழுதி அனுப்பினாள்.

துரைக்கண்ணுவும் அந்தப் பக்கத்தைப் பார்ப்பார் என்பது அப்புறம்தான் உறைத்தது.

அழித்துவிடலாம். ஒரு தட்டுதான்.

போனைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.