கூப்பிட்டால்தான் வரலாம்

அருப்புக்கோட்டைக்கு பிரவுசிங் சென்டர் வந்த புதிது. நாங்கள் ஆடிய ஆன்லைன் விளையாட்டில், கூப்பிடாமல் ரத்தக்காட்டேரி யார் வீட்டுக்குள்ளும் நுழையக் கூடாது என்று ஒரு விதி. வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். நான்தான் எடுக்க விடவில்லை. காட்டேரியாக ஆடியவன் யாரென்றே தெரியாது. திரையில் என் வீட்டு வாசலில் நின்று தினமும் திட்டுவான். நானும் உள்ளே விடமாட்டேன்.

ஒரு மதியம் ஆட்டத்தை விட்டு எழும்போது, எல்லோரிடமும் சொல்வதுபோல அவனிடமும், "சாப்பிடப் போறேன், நீயும் வா" என்று பழக்கதோஷத்தில் தட்டிவிட்டேன்.

வீட்டுக்குப் போனால், இரண்டு தட்டில் சோறு இருந்தது. ஒன்றின் முன்னால் முன்பின் தெரியாத ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

"நீ கூப்பிட்டியாம்ல. சோத்துல கைய வைக்க மாட்டேங்குறாக," என்றாள் அம்மா, கழுத்தைத் தேய்த்துக்கொண்டே.

"ஏலே, வெளிய போ!" என்று கத்தினேன்.

அவன் அசையவில்லை.

"வாரதுக்குத்தான விதி வச்சிருக்க. போறதுக்கு வைக்கலையே."