பூண்டுக்கு வேண்டிய புகை

ஐம்பத்தேழாம் வருடத்து ஃப்ளூ காய்ச்சல் பூம்பாறையில் மூன்று பேரைக் கொண்டுபோயிருக்கிறது. காய்ச்சல் காற்றில் வருகிறது என்று பேச்சு. நாச்சிமுத்து வீட்டின் ஒரே சன்னலைச் சாக்கால் அடைக்கிறான். உள்ளே ஈர விறகு சீறுகிறது. பரணில் தொங்கும் விதைப்பூண்டு கெடாமலிருக்க அடுப்பு பகலெல்லாம் புகைய வேண்டும். போக வழியில்லாத புகை இடுப்புவரை இறங்கிவிட்டது. அவன் மனைவி கண்மணியின் மடியில் கைக்குழந்தை வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. அழுகைச் சத்தம் வரவில்லை, விலா மட்டும் உள்ளே குழிகிறது. அவள் சட்டென்று எழுந்து சாக்கைப் பிடுங்கி எறிந்து, குழந்தையின் முகத்தைச் சன்னலுக்கு வெளியே நீட்டுகிறாள்.

“ஏ புள்ள, கிறுக்கா புடிச்சிருக்கு? ஊர்ல மூணு எழவு விழுந்து கெடக்கு.”

“உங்க ஆத்தா காய்ச்சல்லயா செத்தாங்க? உங்க அக்கா? கீழவீட்டு மதினி?”

“அவங்க இருமிச் செத்தவங்க. அது எல்லா வீட்லயும் உள்ளதுதான?”

“அதத்தான் கேக்குறேன். அந்த எழவ எல்லாம் யாரு எண்ணுனா?”

குழந்தை மூச்சை இழுக்கிறது, விக்குகிறது, மறுபடி இழுக்கிறது. நாச்சிமுத்து சாக்கைக் கையில் எடுத்துக்கொண்டு பரணைப் பார்க்கிறான், சன்னலைப் பார்க்கிறான். அவளை அதட்ட வாயைத் திறக்கிறான். இருமல்தான் வருகிறது. நிற்கவில்லை.