அம்மா பையில ஆஸ்பிரின்

அம்மா பையில அந்த ஆஸ்பிரின் அட்டையப் பாத்ததும் எனக்கு உசுரே போயிடுச்சு. அப்பா மாட்டிக்கிட்டாரு!

போன மாசம் கடையில அப்பாவுக்கு வாய் கோணி, பேச்சு குழறி, பத்தே நிமிஷத்துல சரியாயிடுச்சு. கூட இருந்தது நான் மட்டும்தான். "சின்ன ஸ்ட்ரோக். ரத்தம் கட்டிக்காம இருக்க தினம் ஒரு ஆஸ்பிரின். விட்டா பெருசா வரும்"னு டாக்டர் சொன்னாரு.

"அம்மாகிட்ட மூச்சு விடாதடி. தாங்க மாட்டா"ன்னு அப்பா என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு.

நிமிந்து பாத்தா, எதிர்ல அம்மா.

"அம்மா, அப்பா மேல கோவப்படாத..."

அம்மா முகம் வெளுத்துப்போச்சு. "ஐயோ, அவருக்குத் தெரிஞ்சிடுச்சா? ஓட்டவாயி, அட்டையப் பாத்துட்டு அதுக்குள்ள உளறிட்டியா?"

"என்னத்தம்மா?"

"ஆபீஸ்ல எனக்கு ஒரு பக்கம் கையும் காலும் மரத்துப்போச்சுடி. கொஞ்ச நேரம்தான். ரெண்டு வாரமா இந்த மாத்திரைதான். அவருகிட்ட சொல்லாத, தாங்க மாட்டாரு. என் மேல சத்தியம் பண்ணு."

பண்ணிட்டேன்.

இப்ப ரெண்டு பேரும் பக்கத்து ரூம்ல தூங்குறாங்க. ஒருத்தருக்குத் திரும்ப வந்தா, விஷயம் தெரியாம இன்னொருத்தர் "சும்மா தலசுத்தல்தான், படு"ன்னு சொல்லிடுவாங்க.

நான் யாருக்குப் பண்ணின சத்தியத்த ஒடைக்கிறது?