முந்திக்கொண்டவள்

"நீர் சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு இதிலயே நில்லும். நான் மட்டும் உள்ள போட்டு வாறன்."

கமலாசனி இப்படிச் சொன்னதும் பிரஷாந்தினிக்குச் சுருக்கென்றது.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் தெருவோரம் காடு. கொஞ்சம் உள்ளே போனால் பாலை மரங்கள். கொப்புக் கொப்பாய் மஞ்சள் பழம் தொங்குவது தெருவில் நின்றே தெரிந்தது.

பாலைப்பழத்துக்கு ஆசைப்பட்டது பிரஷாந்தினிதான். வயிற்றில் நாலு மாதம். காலையிலேயே இருவரும் மல்லாவிக்குப் போய் கிளினிக் முடித்து, தையற்காரியிடம் சட்டை வாங்கி, கூல்பாரில் ஆளுக்கொரு ஐஸ்கிறீமும் குடித்தாயிற்று. சந்தையை இரண்டு தரம் சுற்றியும் பாலைப்பழம் மட்டும் இல்லை.

"இந்தக் கிழமை ஒருத்தரும் கொண்டுவரேல்லை, தங்கச்சி" என்று வியாபாரி கையை விரித்தார்.

பிரஷாந்தினியின் முகம் வாடிப்போயிற்று. பார்த்துக்கொண்டு நின்ற கமலாசனி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் அப்படித்தான். கணவனின் அக்கா. சண்டை ஓய்ந்து பாதை திறந்த அடுத்த வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து துணுக்காய்க்கு மருமகளாக வந்த நாள் முதல், இந்த மச்சாள் சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசி பிரஷாந்தினி கேட்டதில்லை. எல்லாவற்றையும் உள்ளுக்குள் வைத்திருக்கிற அமசடக்கு என்று மனதுக்குள் பெயர்கூட வைத்திருந்தாள்.

இப்போது தெருவில் நிற்கச் சொல்கிறா. நல்ல பழத்தையெல்லாம் தான் தின்றுவிட்டு, மிச்சத்தைக் கொண்டுவரப் பார்க்கிறாவோ?

"நானும் வாறன், மச்சாள்."

"வேண்டாம். வெய்யில்."

"காட்டுக்குள்ள என்ன வெய்யில்?" பிரஷாந்தினி சைக்கிளைத் தெருவோர மதகோடு சாத்திவிட்டு இறங்கி நடக்கத் தொடங்கினாள்.

கமலாசனி ஓடிவந்து கையைப் பிடித்தாள். காட்டைப் பார்த்தாள். இவளைப் பார்த்தாள்.

"சரி, வாரும். ஆனா எனக்கு முன்னால ஒரு அடி வைக்கப்படாது."

உள்ளே போனதும் மனிசி ஆளே மாறிப்போனாள். "ஓய்! ஓய்!" என்று கத்தினாள். கையைத் தட்டினாள். வீட்டில் வாயே திறக்காதவள், காவடிப் பாட்டொன்றைத் தொண்டை கிழியப் பாடினாள்.

பழத்தைக் கண்ட சந்தோசப் புளுகாக்கும் என்று பிரஷாந்தினி நினைத்தாள்.

முதல் மரத்தில் ஒரு கொப்பு கைக்கெட்டும் உயரத்தில் தாழ்ந்திருந்தது. பிரஷாந்தினி எட்டிப் பிடிக்கப் போனாள்.

"தள்ளி நில்லும்! முதல் நான்!"

தோளில் கையை வைத்துத் தள்ளிவிட்டு, கமலாசனி முந்திக்கொண்டு ஓடினாள். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகுதான், "இப்ப வாரும்" என்றாள்.

இரண்டாவது மரத்திலும் அதே கூத்து. மூன்றாவதிலும் அப்படியே.

பிரஷாந்தினிக்குக் கண் கலங்கிவிட்டது. வயிற்றுப்பிள்ளைக்காரியைத் தள்ளிவிட்டு முந்துகிற அளவுக்கா ஒரு மனிசிக்குப் பழத்தில் ஆசை? இரவைக்கு இவரிட்டச் சொல்லாமல் விடுறதில்லை.

பை நிறைந்ததும் கமலாசனி அவளைக் கையில் பிடித்து இழுக்காத குறையாகத் தெருவுக்குக் கூட்டிவந்தாள். அவளை மதகில் இருத்தி, பையை அப்படியே மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினாள்.

கோபத்தோடுதான் பிரஷாந்தினி ஒரு பழத்தை வாயில் போட்டாள். தேன். பால் உதட்டில் ஒட்டியது. இன்னொன்று. இன்னொன்று.

"நீங்கள் தின்னேல்லையோ?"

"எனக்கு வேண்டாம்." கமலாசனி முகத்தைத் துடைத்துக்கொண்டு காட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அந்த நேரம் எதிரே சைக்கிளில் வந்த பக்கத்து வீட்டு ராஜரத்தினம் பழத்தைக் கண்டதும் காலை ஊன்றி நின்றார்.

"உந்தக் காட்டுக்குள்ளயோ போனனீங்கள்? உங்களுக்கென்ன விசரோ? பழம் தின்னக் கரடி வந்து நிக்குது! போன கிழமை அடுத்த ஊர்க் கனகலிங்கத்தின்ர முகத்தைக் கிழிச்சு, மனிசன் வவுனியா ஆஸ்பத்திரியில கிடக்குது. அதுக்குப் பிறகு ஒரு குஞ்சும் உந்தப் பக்கம் போறேல்லை."

பிரஷாந்தினியின் வாயில் பழம் அப்படியே நின்றது.

"அதுவும் நீயோ, கமலாசனி! அப்பாவைக் கரடி பிடிச்ச நாளிலயிருந்து காட்டோரம் விறகு பொறுக்கக்கூட வரமாட்டாயே!"

கமலாசனி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

பிரஷாந்தினி வாயிலிருந்த பழத்தை விழுங்கினாள்.

"எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"பயந்து போவீரெண்டு நான்தான் வீட்டில சொல்லவேண்டாமெண்டனான்."

"அப்ப... அந்தக் கத்தலும் பாட்டும்?"

"ஆள் சத்தம் கேட்டால் கரடி விலகிப் போயிடும்."

"விலகாட்டி?"

கமலாசனி எழுந்து சேலையை உதறிக்கொண்டு சைக்கிளை எடுத்தாள்.

"விலகாட்டி, முன்னால நிக்கிற ஆளைத்தானே பிடிக்கும்" என்றாள்.