ஒரு பொத்தானுக்காக நின்ற தளம்

கடற்கரையில் டீக்கடை வைக்க அரசுத் தளத்தில் விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். பார்வையில்லாத ரெஜினா, போன் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு கட்டமாக நிரப்பி வந்தாள். கடைசிப் பக்கத்தில் போன் வெறும் "பொத்தான், பொத்தான்" என்றது. எது அனுப்பும், எது அழிக்கும் என்று சொல்லவில்லை.

"தள்ளு, நான் அமுக்கிருதேன்" என்றான் கணவன் லூர்து. கல்யாணமான நாளிலிருந்து அவன்தான் அமுக்குகிறான்.

"தொடாதீங்க. நீங்க அமுக்கினா தளம் நல்லாருக்குன்னு ஆபீஸ்காரங்க அப்படியே விட்டுருவாங்க."

போனை வாயருகே கொண்டுபோய், "என்னால முடியல" என்றாள்.

இப்போதெல்லாம் அந்த ஒரு சொல் போதும்; பார்வையில்லாத ஒருவரால் முடியாத தளம், அவர் முடிக்கும்வரை யாருக்கும் திறக்கக் கூடாது என்பது புதுச் சட்டம். மாநிலம் முழுக்கத் தளம் நின்றது. கீழ்வீட்டில், "போச்சு, நின்னுட்டு" என்று யாரோ கத்தினார்கள். லூர்துக்கு வேர்த்தது. ரெஜினாவுக்குப் பயமில்லை.

உடனே அழைப்பு வந்தது. "மேடம், சென்னையில தளத்தைப் பாத்துக்கிற ஆபீஸ்லருந்து பேசுறேன். எந்த இடத்துல மாட்டிக்கிட்டீங்க?"

சொன்னாள். நாலு நிமிஷத்தில் போன் தெளிவாக வாசித்தது: "விண்ணப்பத்தை அனுப்பு, பொத்தான்."

ரெஜினா அதன்மேல் விரலை வைத்தாள். அமுக்கவில்லை.

"மேடம், நீங்க அனுப்பினாத்தான் மத்தவங்களுக்குத் திறக்கும். எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

"தெரியும் சார்" என்றாள் ரெஜினா. குரலில் சிரிப்பு பொங்கியது. "ஒரு நிமிஷம் இருங்க. வரிசையில முதல் ஆளா நான் நின்னதே இல்ல."