கயிற்றின் கடைசி ஆள்

"பொறந்த ஊர்ப் பாசம், காலு தானா நகந்துருச்சு."

சொன்னது வேறு யாருமில்லை, மீனம்மாதான். நாகலெட்சுமியின் புருஷனுக்குத் தங்கச்சி, கயிறு இழுப்பில் நடுவில் நின்றவள். மைதானம் முழுக்கக் கேட்கட்டும் என்றே சொன்னாள்.

சொல்லாமல் என்ன செய்வாள்? பெண்கள் கயிறு இழுப்பில் மூன்று வருஷமாக எங்கள் வட்டவளைத் தேயிலைத் தோட்டத்துக் கிளப்பை யாரும் அசைத்ததில்லை. கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு கடைசி ஆளாக நாகலெட்சுமி நின்றால் நட்டுவைத்த கல் மாதிரி. அப்படிப்பட்டவள் இன்று, எதிரே இழுத்த கொட்டகலைக்காரிகள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், குதிகாலைத் தூக்கி மெல்ல மெல்ல முன்னால் நடந்துவிட்டாள். பரிசாக வைத்திருந்த பூப்போட்ட சீத்தைச் சேலை ஆளுக்கொன்றாகக் கொட்டகலைக்குப் போயிற்று.

நாகலெட்சுமி பிறந்தது கொட்டகலை.

கிளப்பை ஆரம்பித்தவர் எங்கள் அயர்லாந்து துரை. அவர் ஊரில் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு முடிந்தால் எல்லாரும் கூடி உட்கார்ந்து ஊர்ச் செய்தி கேட்பார்களாம். இங்கேயும் அதே வழக்கம்தான். ஆட்டம் முடிந்ததும் தேத்தண்ணியும் பன்னும். அப்புறம் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிளாக்கர் தம்பையா எழுந்து நின்று வாசிப்பார். யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் வீட்டு மாடு கன்று போட்டது, யார் இந்தியா போய்த் திரும்பினார்கள், எல்லாம் வரும். பாதிப் பேர் வருவதே அதற்குத்தான்.

தம்பையா பென்சிலோடு நாகலெட்சுமியிடம் வந்தார். தோற்றதற்குக் காரணம் எழுத வேண்டுமே.

"தெம்பு இல்லீங்க. அவ்வளவுதான்."

தெம்பு இல்லாதவளுக்குக் கடைசி இடம் எதற்கு என்றாள் மீனம்மா. கூட இழுத்த மற்றவர்களும் அதையே சொன்னார்கள். இனிமேல் நாகலெட்சுமி கயிறு தொடவேண்டாம் என்று தம்பையா எழுதிக்கொண்டார். தேத்தண்ணி முடிந்ததும் வாசிப்பாராம்.

ஆறு நாள் கொழுந்துக் கூடை சுமக்கிறவளுக்கு இந்த ஒரு நாள் கயிறுதான் சந்தோஷம். முகம் விழுந்துபோயிற்று. எழுந்து குழாயடிக்குப் போனாள்.

மீனம்மாவும் கோப்பை கழுவுகிற சாக்கில் பின்னாலேயே போனாள். திட்டி முடியவில்லை அவளுக்கு.

அங்கே கொட்டகலைக் கயிற்றின் கடைசி ஆள் மனோரஞ்சிதம் நின்றிருந்தாள். மீனம்மாவைக் கவனிக்காமல் நாகலெட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சிச்சு? எங்க வீட்டுக்காரருக்கே நான் இன்னும் சொல்லல."

"கயிறு இறுகினதும் எல்லாரும் ரெண்டு கையால கயித்தப் புடிச்சாங்க. நீ மட்டும் ஒரு கைய எடுத்து, கயித்துக்கும் வயித்துக்கும் நடுவுல வச்சே. மூணு பெத்தவ நான், எனக்குத் தெரியாதா? அந்த நேரம் நான் ஒரு இழுப்பு இழுத்திருந்தா என்னாகும்? இப்படி இருக்கறப்ப எதுக்குடி வந்தே?"

"வரலன்னா ஏன்னு கேப்பாங்க. ரெண்டு தடவ தங்காமப் போச்சுக்கா. இந்த தடவ நல்லபடியா மூணு மாசம் தாண்டட்டும்னுதான் யாருக்கும் சொல்லாம இருக்கேன்."

தன்னால் அக்காவுக்குக் கெட்ட பேர் வந்துவிட்டதே, போய் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று அவள் கேட்டாள்.

நாகலெட்சுமி சிரித்தாள். "தம்பையா காதுல விழுந்தா போதும். பன்னோட சேத்து எல்லாருக்கும் பரிமாறிருவாரு. பேசாம ரயிலப் புடிச்சு வீட்டுக்குப் போ. இனிமே கயிறு, கூடை, தண்ணிக்குடம் எதையும் தூக்காத."

மீனம்மா கழுவின கோப்பையையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

கொட்டகலைக்காரிகள் ஸ்டேசனுக்கு இறங்கிப் போனார்கள். தம்பையா செருமிக்கொண்டு எழுந்தார். இரண்டு பிறப்பு, ஒரு கல்யாணம் வாசித்தார். அடுத்தது கயிறு இழுப்பு என்று தாளைத் திருப்பினார்.

"அத அடிச்சிருங்க கிளாக்கரையா," என்று மீனம்மா எழுந்து நின்றாள். துரைகூடத் திரும்பிப் பார்த்தார்.

"எங்க மதினி நல்லாத்தான் நின்னாங்க. நடுவுல நான்தான் சறுக்கி, அவங்களையும் சேத்து இழுத்துட்டுப் போயிட்டேன். என் பேர எழுதுங்க."